கேள்வி முதலில், முறை பிறகு

முதன்முறையாகக் கள ஆய்வுக்குக் கிளம்புகிறவர்கள் கொண்டுவரும் திட்ட வரைவுகளில் முறையின் பெயர் முதல் வரியிலேயே வந்துவிடுகிறது. "நூறு பேரிடம் வினாத்தாள் கொடுக்கப் போகிறேன்." "இருபது பேரிடம் ஆழ்நேர்காணல் செய்யப் போகிறேன்." எதைத் தெரிந்துகொள்வதற்காக என்று கேட்டால் ஒரு தலைப்பைச் சொல்கிறார்கள். கேள்வி இன்னும் பிறந்திருக்காது. கேள்வி இல்லாமல் முறையை எடுப்பது, என்ன அளக்கிறோம் என்று தெரியாமல் படியையும் முழக்கோலையும் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு போவதற்குச் சமம்.

முறைகளை வரிசையாக எழுதி, பக்கத்தில் பலம், பலவீனம் என்று அட்டவணை போடும் வழக்கம் பாடநூல்களில் உண்டு. தேர்வுக்கு அது உதவும். களத்தில் உதவுவதை நான் பார்த்ததில்லை. அதனால் இங்கே ஒரே ஒரு நோயை எடுத்துக்கொள்கிறேன். காசநோய், தமிழ்நாட்டிலும் அக்கம்பக்க மாநிலங்களிலும் ஏறக்குறைய எல்லா முறைகளாலும் ஆராயப்பட்ட நோய். ஒவ்வொரு முறையும் அந்த நோயின் எந்தப் பக்கத்தைக் காட்டியது, எந்தப் பக்கத்தை மறைத்தது என்று பார்த்தால் முறைகளின் குணம் தானாகப் பிடிபடும்.

வீடா, சானடோரியமா?

1950களின் தொடக்கம் வரை காசநோய்க்குச் சிகிச்சை என்றால் சானடோரியம்தான். மாதக்கணக்கில் படுக்கை ஓய்வு, நல்ல காற்று, பால், முட்டை, இறைச்சி. இந்தியாவில் நோயாளிகளின் எண்ணிக்கைக்கு முன்னால் படுக்கைகள் மிகக் குறைவு. ஐசோனியசிட், பாஸ் போன்ற மருந்துகள் வந்தபோது கூர்மையான ஒரு கேள்வி எழுந்தது: நெரிசலான வீட்டில், கிடைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு, மாத்திரையை மட்டும் போட்டால் குணமாகுமா?

இதற்காக 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்து சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இன்று அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகிய நான்கும் கைகோத்தன. வாலஸ் ஃபாக்ஸ் தலைமை ஏற்றார். ஏழை நோயாளிகள் சமவாய்ப்பு முறையில் இரண்டு குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழுவுக்கு வீட்டில் சிகிச்சை, மற்றதற்குச் சானடோரியத்தில். இருவருக்கும் ஒரே மருந்துகள், ஓராண்டு. 1959இல் முடிவு வெளிவந்தது. வீட்டில் இருந்தவர்களின் உணவு மோசம், ஓய்வு குறைவு, எடையும் அவ்வளவாக ஏறவில்லை. ஆனால் குணமானவர்களின் விகிதம் சானடோரியத்துக்குக் கிட்டத்தட்டச் சமமாக இருந்தது. நோயாளி வீட்டிலேயே இருந்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. உலகம் முழுவதும் சானடோரியங்கள் மெல்ல மூடப்பட்டதில் சேத்துப்பட்டுக்குப் பெரும் பங்கு உண்டு.

இந்த முடிவை ஏன் நம்பினார்கள்? யாரை எங்கே அனுப்புவது என்பதை மருத்துவர்கள் தீர்மானிக்காததால். தீர்மானிக்க விட்டிருந்தால் முடியாதவர்களைச் சானடோரியத்துக்கும் தெம்பாக இருப்பவர்களை வீட்டுக்கும் அனுப்பியிருப்பார்கள். அதில் தவறும் இல்லை, நல்ல மருத்துவர் அப்படித்தான் செய்வார். ஆனால் பிறகு வரும் வேறுபாடு சிகிச்சையால் வந்ததா, தேர்வால் வந்ததா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. சமவாய்ப்பு ஒதுக்கீட்டின் பலம் முழுவதும் இந்த ஓரிடத்தில் இருக்கிறது. நமக்குத் தெரிந்த வேறுபாடுகளோடு, நாம் பெயர்கூட வைக்காத வேறுபாடுகளையும் அது இரு பக்கமும் ஏறக்குறையச் சமமாகப் பரப்பிவிடுகிறது.

இதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1948இல், பிரிட்டனில் ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வின் முடிவு வந்திருந்தது. ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் வடிவமைத்தது. 107 நோயாளிகளில் 55 பேருக்கு மருந்தும் ஓய்வும், 52 பேருக்கு ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் முதல் குழுவில் 4 பேர் இறந்தார்கள், இரண்டாவதில் 14 பேர். மருந்து போதுமான அளவு கிடைக்காத காலம் என்பதால்தான் குலுக்கிப் போட்டுக் கொடுப்பது அன்று நியாயமாகப் பட்டது. யாருக்கு எந்தக் குழு என்பது மூடிய உறைக்குள் இருந்தது. நோயாளியைச் சேர்க்கும் மருத்துவருக்கு அது முன்கூட்டித் தெரியாது.

மூடிய உறையைச் சின்ன விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். "ஒற்றைப்படைத் தேதியில் வந்தவர்கள் இந்தக் குழு, இரட்டைப்படைத் தேதியில் வந்தவர்கள் அந்தக் குழு" என்று எழுதிவிட்டு அதைச் சமவாய்ப்பு என்று சொல்லும் வரைவுகளை ஆண்டுதோறும் பார்க்கிறேன். இன்று எந்தக் குழு என்று வார்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்போது, இரக்கமுள்ள ஒரு செவிலியர் "நாளைக்கு வாங்கம்மா" என்று ஒருவரைத் திருப்பி அனுப்பினால் போதும், ஆய்வு சாய்ந்துவிடும்.

ஊர் மாறினால்

சமவாய்ப்பு ஆய்வுதான் சான்றுகளில் உச்சி என்று சொல்லிக்கொடுக்கிறோம். அந்த வாக்கியத்தில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. அதற்குக் காரணம் செங்கல்பட்டு.

பிசிஜி தடுப்பூசியை பிரிட்டனில் 1950 முதல் பள்ளி முடிக்கும் வயதுப் பிள்ளைகளிடம் சோதித்தார்கள். ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது அளவுக்குப் பாதுகாப்பு கிடைத்தது. நன்றாகச் செய்யப்பட்ட ஆய்வு. அதே கேள்வியோடு 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் இன்னும் பெரிய ஆய்வு தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தடுப்பூசியோ, மருந்தில்லாத ஊசியோ போடப்பட்டது. போடுபவருக்கும் தெரியாது, போட்டுக்கொள்பவருக்கும் தெரியாது. பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் பிசிஜியால் பலனில்லை என்று முடிவு வந்தது.

இரண்டு ஆய்வும் சரி. பிரிட்டனில் உண்மையாக இருந்தது செங்கல்பட்டில் உண்மையாக இல்லை. இங்குள்ள மண்ணிலும் நீரிலும் இருக்கும் வேறுவகை மைக்கோபாக்டீரியங்கள் உடலை முன்பே பழக்கிவிடுவதால் தடுப்பூசியின் கூடுதல் பலன் தெரியாமல் போகிறது என்பது அதிகம் பேசப்படும் விளக்கம். ஒரு சமவாய்ப்பு ஆய்வு தன் எல்லைக்குள் எவ்வளவு உறுதியாக நின்றாலும், அந்த எல்லைக்கு வெளியே என்ன நடக்கும் என்பதற்கு அது உத்தரவாதம் தராது. வெளிநாட்டு ஆய்வு முடிவொன்றை உங்கள் வரைவில் மேற்கோள் காட்டும்போது, அங்கிருந்து இங்கே வருவதற்குள் என்னென்ன மாறியிருக்கும் என்று ஒரு பத்தி எழுதிப் பாருங்கள்.

அப்படியானால் பிறந்த குழந்தைக்கு இன்றும் ஏன் பிசிஜி போடுகிறோம்? குழந்தைகளைக் கொல்லும் காசநோய் மூளைக்காய்ச்சலையும், உடல் முழுக்கப் பரவும் வகையையும் அது தடுக்கிறது. அதற்கான சான்றில் பெரும்பகுதி, உச்சியில் வைக்கப்படாத கேஸ்-கண்ட்ரோல் ஆய்வுகளிலிருந்து வந்தது. இந்த நோய்கள் அரிதானவை. இருபது பேரைப் பார்க்க வேண்டுமானால் எத்தனையோ ஆயிரம் குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர வேண்டியிருக்கும். நோய் வந்த குழந்தைகளிலிருந்து தொடங்கி, வராத குழந்தைகளோடு ஒப்பிட்டு, யாருக்குத் தடுப்பூசி போடப்பட்டிருந்தது என்று பின்னோக்கிப் பார்ப்பதுதான் செய்யக்கூடிய வழி.

முடிவைக் கேள்விக்கு வெளியே இழுப்பது

சேத்துப்பட்டு ஆய்வுக்குத் திரும்பி வருகிறேன். அதில் மோசமான உணவு சாப்பிட்டவர்களும் மருந்தால் குணமானார்கள். இதைப் படித்தவர்கள் பலர், காசநோய்க்கு உணவு ஒரு பொருட்டில்லை என்று எடுத்துக்கொண்டார்கள். ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. நோய் வந்த பிறகு, முறையாக மருந்து சாப்பிடுகிறவர் குணமாவதற்குச் சானடோரியச் சாப்பாடு அவசியமா என்பதுதான் அங்கே கேட்கப்பட்ட கேள்வி. பசித்த வயிறு நோயை வரவழைக்கிறதா என்று யாரும் கேட்கவே இல்லை.

அந்தக் கேள்வி ஜார்கண்டில் 2019இல் தொடங்கிய ரேஷன்ஸ் ஆய்வில்தான் நேரடியாகக் கேட்கப்பட்டது. காசநோயாளிகள் 2,800 பேர், அவர்களோடு ஒரே வீட்டில் வாழும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப் பொருள்கள் தரப்பட்டன. ஒரு பிரிவில் மட்டும் வீட்டில் இருந்த மற்றவர்களுக்கும் மாதாமாதம் அரிசி, பருப்பு முதலியவை கிடைத்தன. உணவு கிடைத்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது நூற்றுக்கு 39 அளவு குறைந்தது என்று 2023இல் முடிவு வெளியானது.

இதன் வடிவமைப்பையும் கவனியுங்கள். ஒரு தெருவில் ஒரு வீட்டுக்குப் பருப்பு கொடுத்து அடுத்த வீட்டுக்குக் கொடுக்காமல் இருப்பது நடைமுறையில் கஷ்டம். கொடுத்தாலும் பங்கிட்டுக்கொள்வார்கள், பங்கிடத்தான் வேண்டும். அதனால் ஆள் ஆளாகக் குலுக்காமல் 28 காசநோய் அலகுகளை, அதாவது காசநோய்த் திட்டத்தின் நிர்வாகப் பகுதிகளை, குலுக்கினார்கள். இதைக் கொத்துச் சமவாய்ப்பு என்கிறோம். இதற்கு ஒரு விலை உண்டு. ஒரே பகுதியில் வாழ்கிறவர்கள் பல விதத்தில் ஒருவரைப் போல் ஒருவர் இருப்பதால், பத்தாயிரம் பேர் இருந்தாலும் கணக்கில் அவர்கள் பத்தாயிரம் தனித்தனி ஆட்களின் வலுவைத் தரமாட்டார்கள். பள்ளி, அங்கன்வாடி, சுய உதவிக் குழு என்று கூட்டம் கூட்டமாக ஆய்வு செய்யும் சமூக அறிவியல் மாணவர்கள் மாதிரி அளவைக் கணக்கிடும்போது அதிகம் சறுக்குவது இங்கேதான். போதாததற்கு, பருப்பை மறைத்துக் கொடுக்க முடியாது. யாருக்குக் கிடைத்தது என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்ட ஆய்வில் விளைவை ஒருவரின் அபிப்பிராயத்தை வைத்து அளக்காமல், சளிப் பரிசோதனை போன்ற ஒன்றால் அளப்பது நல்லது.

குலுக்க முடியாதபோது

யாரையும் பீடி குடிக்கச் சொல்லிச் சோதிக்க முடியாது. தமிழ்நாட்டில் டாக்டர் வி. கஜலட்சுமியும் அவருடன் பணிசெய்தவர்களும் இறந்த ஆண்கள் 43,000 பேரின் புகைப் பழக்கத்தைக் குடும்பத்தாரிடம் கேட்டறிந்து, உயிரோடிருக்கும் 35,000 ஆண்களோடு ஒப்பிட்டார்கள். சென்னை நகரமும் விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களும் களம். 2003இல் முடிவு வந்தது. புகைத்தவர்கள் காசநோயால் இறப்பது புகைக்காதவர்களைவிட நகரத்தில் நான்கு மடங்குக்கும் மேல். புகையை நுரையீரல் புற்றுநோயோடும் மாரடைப்போடும் மட்டுமே சேர்த்துப் பார்த்து வந்தவர்களுக்கு இது பெரிய செய்தி.

இதுவும் கேஸ்-கண்ட்ரோல் முறைதான். வேகமானது, செலவு குறைவு. ஆனால் இரண்டு இடங்களில் உங்களைக் கவிழ்த்துவிடும். ஒன்று நினைவு. கணவன் ஒரு நாளைக்கு எத்தனை பீடி பிடித்தான் என்று மனைவி சரியாகச் சொல்வாளா? நோயால் ஒருவரை இழந்த வீட்டில் காரணத்தைத் தேடித் தேடி நினைவு கூர்ந்திருப்பார்கள். ஒன்றும் நேராத வீட்டில் அப்படி நினைத்துப் பார்க்கத் தேவையே இருந்திருக்காது. மற்றது ஒப்பீட்டுக்கு யாரை எடுக்கிறோம் என்பது. மருத்துவமனைக்கு வந்த வேறு நோயாளிகளையே ஒப்பீட்டுக் குழுவாக எடுப்பது எளிது, பலரும் செய்கிறார்கள். அந்த வேறு நோயும் புகையால் வந்ததாக இருந்தால், இருக்கிற வேறுபாடே மறைந்துபோகும்.

இவற்றோடு, தொடர்ந்து கண்காணிக்கும் ஆய்வுகளையும் விடாத ஒரு சிக்கல் இருக்கிறது. பீடி பிடிப்பவர் ஏழையாகவும் இருப்பார், நெரிசலான வீட்டில் இருப்பார், குடிப்பழக்கமும் இருக்கலாம். எது செய்த வேலை இது? வயது, படிப்பு என்று தெரிந்தவற்றைக் கணக்கில் சரிக்கட்டலாம். தெரியாததைச் சரிக்கட்ட வழியில்லை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஹார்மோன் மாத்திரை இதயத்தைக் காக்கிறது என்று அமெரிக்காவின் பெரிய கண்காணிப்பு ஆய்வுகள் பல ஆண்டுகள் காட்டிவந்தன. 16,608 பெண்களைக் குலுக்கிச் சேர்த்த ஆய்வு 2002இல் பாதியில் நிறுத்தப்பட்டது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த அந்த மாத்திரை போட்டவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் மார்பகப் புற்றுநோயும் கூடியிருந்தன. தானாக விரும்பி அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்ட பெண்கள் வசதியானவர்கள், உடலைக் கவனித்துக்கொண்டவர்கள் என்பது முக்கியமான ஒரு விளக்கம்.

யார் வீட்டில் இருந்தார்கள்?

கணக்கெடுப்பு ஆய்வுகளைப் பற்றிச் சொல்ல எனக்குப் பிடித்த உதாரணம் கர்நாடகத்தின் தும்கூரு. 1960களின் தொடக்கத்தில் அதிகாரிகள் மத்தியில் ஒரு பேச்சு இருந்தது: கிராமத்து மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை, நோய் வந்தாலும் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார்கள். பெங்களூரு தேசியக் காசநோய் நிறுவனத்தைச் சேர்ந்த டி. பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துகொண்டு இதற்கு விடை தேடவில்லை. கிராமங்களில் எடுத்த எக்ஸ்ரே கணக்கெடுப்பில் நோய் இருப்பதாகத் தெரிந்தவர்களைத் தேடிப்போய்ப் பேசினார்கள். பெரும்பாலானோருக்குத் தங்கள் அறிகுறிகள் தெரிந்திருந்தன. பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஏற்கெனவே சிகிச்சை தேடி அரசு மருத்துவமனைக்குப் போயிருந்தார்கள். அங்கே இருமல் மருந்து பாட்டிலைக் கொடுத்துத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். இது 1963இல் வெளியானது. பழி மக்கள்மேல் விழுந்துகொண்டிருந்த இடத்தில் ஒரு நல்ல மாதிரி உண்மையைக் கொண்டுவந்து வைத்தது. இதை எப்போது படித்தாலும் எனக்கு மனம் நெகிழும்.

2019 முதல் 2021 வரை இந்தியா முழுவதும் நடந்த காசநோய்க் கணக்கெடுப்பில், அறிகுறி இருந்தவர்களில் நூற்றுக்கு 64 பேர் சிகிச்சை தேடவில்லை என்று தெரியவந்தது. தும்கூருவோடு இதை ஒப்பிட்டு, மக்கள் அன்றைவிட இன்று அலட்சியமாகிவிட்டார்கள் என்று கட்டுரை எழுத ஆசை வரும். எழுதாதீர்கள். அங்கே பேசியது நோய் இருந்தவர்களிடம். இங்கே பேசியது இருமலோ காய்ச்சலோ இருந்த எல்லோரிடமும். வகுக்கும் எண் வேறானால் விகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக் கூடாது.

அதே கணக்கெடுப்பில் இன்னொன்றும் தெரிந்தது. எக்ஸ்ரே எடுக்காமல் அறிகுறிகளை மட்டும் கேட்டிருந்தால், நோயாளிகளில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் தப்பியிருப்பார்கள். "இருமல் இருக்கா?" என்ற கேள்விக்கு அவர்கள் உண்மையாகவே "இல்லை" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

கணக்கெடுப்பின் பலம் பரப்பு. ஒரு நாளில் ஒரு ஊர் எப்படி இருந்தது என்று காட்டும். எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்று சொல்லாது. நோயாளிகள் மெலிந்திருக்கிறார்கள் என்று கண்டால், மெலிந்ததால் நோய் வந்ததா, நோயால் மெலிந்தார்களா? வேகமாக இறந்தவர்களும் அதில் இருக்கமாட்டார்கள். பகல் பதினொரு மணிக்குக் கதவைத் தட்டினால் கூலி வேலைக்குப் போனவர்களும் இருக்கமாட்டார்கள். பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீட்டை எடுத்துக்கொள்வது, கள உதவியாளர்கள் நம்மிடம் சொல்லாமலே செய்யும் காரியம். அதைச் செய்யக் கூடாது என்று முதல் நாளே சொல்லுங்கள். மாலையில் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை அதே வீட்டுக்குத் திரும்பிப் போகச் செலவும் ஒதுக்குங்கள்.

மூன்றாம் முறை போனபோது

என் ஆரம்ப நாட்களில் சிகிச்சையைப் பாதியில் விடுகிறவர்களைப் பற்றிய ஓர் ஆய்வில் வேலை செய்தேன். வினாத்தாளில் ஒரு கேள்வி: மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறீர்களா? செங்கல் சூளையில் வேலை செய்த ஒரு அம்மாவிடம் கேட்டேன்.

"சாப்பிடாம இருப்பேனா தம்பி?"

"ஆம்" என்று குறித்துக்கொண்டேன். மூன்றாம் முறை போனபோது வினாத்தாள் கையில் இல்லை. திண்ணையில் உட்கார்ந்து வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தோம். அவராகச் சொன்னார்.

"வெறும் வயித்துல போட்டா கொமட்டுது தம்பி. சூளைக்கு விடியக்காலம் மூணு மணிக்குப் போவணும். வாந்தி எடுத்துக்கிட்டே கல்லறுக்க முடியுமா? வேலை இல்லாத அன்னிக்குப் போட்டுக்குவேன்."

அவர் முதலில் பொய் சொன்னார் என்று நான் இன்றும் நினைக்கவில்லை. சர்க்கார் ஆளைப் போலக் காகிதத்தோடு வந்த ஒருவனிடம் வேறென்ன சொல்வார்? தவறு கேள்வியில் இருந்தது. "நிறைய பேருக்கு ஒண்ணு ரெண்டு நாள் விட்டுப்போகுது, உங்களுக்குப் போன வாரத்துல எத்தனை நாள் விட்டுப்போச்சு?" என்று கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பார். சேத்துப்பட்டு மையத்துக்காரர்கள் இதை 1950களிலேயே உணர்ந்திருந்தார்கள். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள்.

ஆனால் சிறுநீர்ச் சோதனை மாத்திரை போடவில்லை என்று மட்டும் சொல்லும். சூளையையும் மூன்று மணியையும் சொல்லாது. வினாத்தாளில் இருந்த "மறதி", "தூரம்", "பக்கவிளைவு", "மற்றவை" என்ற நான்கு கட்டங்களில் அந்த வாழ்க்கை அடங்காது. பண்புசார் ஆய்வு இந்த இடத்தில்தான் வேறு எதனாலும் ஈடுசெய்ய முடியாதது. நாம் கேட்கத் தெரியாத கேள்விக்கு அது விடை கொண்டுவருகிறது.

அதன் குறைகளையும் அதே மரியாதையோடு சொல்ல வேண்டும். பன்னிரண்டு பேரிடம் கேட்டதை வைத்து "பெரும்பாலான நோயாளிகள்" என்று எழுத முடியாது. கேட்பவரின் சாதி, பாலினம், உடை, பேச்சு எல்லாம் பதிலுக்குள் போய்க் கலக்கும். நானும் கலந்திருந்தேன், சூளை முதலாளியைப் பற்றி அந்த அம்மா என்னிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. குழு உரையாடலில் மாமியாரும் மருமகளும் ஒரே வட்டத்தில் உட்கார்ந்தால் மருமகளின் குரல் பதிவாகாது. நம் முடிவுக்குப் பொருந்தும் அழகான வாக்கியத்தை மட்டும் எடுத்துப் போடும் சபலம் எல்லோருக்கும் வரும். அதற்கு நான் கைக்கொள்ளும் வழி, முடிவுக்கு எதிராகப் பேசிய ஒருவரையாவது பதிவுகளில் தேடி எடுத்து, அவர் சொன்னதையும் அறிக்கையில் சேர்ப்பது. அப்படி ஒருவர்கூடக் கிடைக்காவிட்டால் நான் போதுமான பேரைப் பார்க்கவில்லை என்று எடுத்துக்கொள்வேன்.

'வரம்புகள்' என்ற பகுதி

அறிக்கையின் கடைசியில் எல்லோரும் மூன்று வரி எழுதுகிறார்கள்: மாதிரி அளவு சிறியது, கால அவகாசம் குறைவு, மேலும் ஆய்வுகள் தேவை. இந்த மூன்று வரியும் வாசகருக்கு எதையும் தருவதில்லை. குறை எந்தப் பக்கம் சாய்க்கும் என்று எழுதுங்கள். "பகலில் மட்டும் சென்றதால் வேலைக்குப் போகும் ஆண்கள் குறைவாகச் சேர்ந்தார்கள். ஆண்களிடம் இந்த நோய் அதிகம் என்பதால் உண்மையான விகிதம் நாங்கள் கண்டதைவிடக் கூடுதலாக இருக்கக்கூடும்." இப்படி எழுதினால் படிக்கும் சுகாதார அலுவலர் உங்கள் எண்ணை எவ்வளவு நம்பலாம், எந்தப் பக்கம் திருத்திக்கொள்ளலாம் என்று தெரிந்துகொள்வார்.

இதைக் கடைசியில் யோசித்தால் எழுத ஒன்றும் இருக்காது. களத்தில் இருக்கும்போதே குறித்து வைத்திருக்க வேண்டும். எத்தனை கதவுகளைத் தட்டினோம், எத்தனை பேர் மறுத்தார்கள், எத்தனை பேர் பாதியில் எழுந்து போனார்கள், யார் பக்கத்தில் இருந்தபோது பேசினார்கள். தினமும் மாலை அரை மணி நேரம் இதற்கென்று ஒரு தனி நோட்டு. மூன்று முறை போயும் திறக்காத வீடுகளின் எண்ணிக்கையை அறிக்கையின் முதல் அட்டவணையிலேயே போடுங்கள்.